கஞ்சி போட்ட கார் கவர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், கடை நலம், நான் வேலை எதுவும் சொல்லாத நாட்களில் உன் அப்பாவின் முழங்காலும் நலம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, மேலதிகாரியிடம் வாயை அடக்கிக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். கடைசி விஷயத்தில் மட்டும் நம்பிக்கை கொஞ்சம் கம்மி, நீ என் வயிற்றில் பிறந்தவள் அல்லவா.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனை எடுத்தாலே அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார், ஸ்பீக்கரில் போடு என்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத சமாச்சாரம். நீ விட்டுப்போன நீலக் கார் இன்னும் விற்கவில்லை. இங்கேயே தங்கிவிடப் போகிறேன், இங்கேயும் ஒரு கார் வாங்கிவிட்டேன், அதை வித்துடும்மா என்று நீ சொன்ன மறுநாளே நம் கடைக்குப் பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக்காரரைப் பேசி மடக்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்து பார்க்கிறேன் என்றார். நம் ஜவுளி வியாபாரத்தில் சரக்கைப் பார்ப்பதற்கு முன்னால் மூட்டையைத்தான் பார்ப்பார்கள், காரின் மேல் கிடக்கும் துணி கவரோ காக்கைகளின் கழிப்பறை மாதிரி இருந்தது, அதைக் கொஞ்சம் துவைத்துப் போடுங்கள் என்று அப்பாவிடம் சொன்னது ஒன்றுதான் நான் செய்த வேலை. மனிதர் துவைத்தார். துவைத்ததோடு விட்டாரா, நம் கடைத் திரைச்சீலைகளுக்குப் போடுவது போல வாளி நிறையக் கஞ்சி காய்ச்சிப் போட்டுவிட்டார். அது காய்ந்து தகரம் போல நின்றது. அதை விடியற்காலையில், பனியில் நனைந்திருந்த காரைத் துடைக்காமல் அப்படியே மேலே போட்டு மூடியிருக்கிறார். ஈரத்தில் கஞ்சி இளகி, வெயிலில் மறுபடி காய்ந்து, கண்ணாடிக்காரர் வந்து நான் பெருமையாகக் கவரை இழுத்தபோது புண்ணிலிருந்து பிளாஸ்திரி வருவது போலச் சத்தத்தோடு வந்தது. கீழே காரெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தேமல். இழுத்த இழுப்பில் துணிக்கு அடியில் இருந்த மண் வேறு பானட்டில் கோடு போட்டுவிட்டது. கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார், பாவம், தன் சரக்கின் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவர் மனைவி, ஏங்க, காருக்குக்கூட இஸ்திரி போட்டுத்தான் வெளிய அனுப்புறாங்க என்று சொல்லிச் சிரித்தாள். அப்புறம் பார்க்கலாம்க்கா என்று கிளம்பிவிட்டார்கள்.

அப்பாவைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். இதுவும் துணிதானேம்மா என்று பால் மணம் மாறாத முகத்தோடு நின்றார். நானும் நம்பிவிட்டேன், அதுதான் எனக்கு ஆறவில்லை. போன வாரம் கடையிலிருந்து வழக்கத்தைவிடச் சீக்கிரமாக வீட்டுக்கு வந்தேன். கேட் அருகே எதிர்வீட்டு டீச்சருக்கு அப்பா வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார், அவர்களும் காருக்குப் புதுக் கவர் வாங்கியிருக்கிறார்களாம். நான் சுவர் ஓரமாக நின்று கேட்டேன். டீச்சர், முதல்ல தூசியை நல்லா உதறி, மெத்துனு ஒரு பிரஷ்ஷால தட்டிடணும், எச்சம் காஞ்சிருந்தா சுரண்டக்கூடாது, ஈரத்துணியைப் போட்டு ஊற விட்டாத் தானா வரும், பச்சைத் தண்ணியும் லேசான சோப்பும் போதும், பிளீச்சிங் வேண்டாம், துணி மணக்க ஊத்துற வாசனைத் தண்ணி வேண்டாம், சோப்பு போகிற வரைக்கும் அலசி நிழல்ல முழுசாக் காயப் போடுங்க, அழுக்குக் காரையும் ஈரக் காரையும் மூடவே கூடாது, ஓட்டிட்டு வந்த சூட்டோட மூடினா சைலன்சர் பக்கம் துணி பொசுங்கிடும், எடுக்கும்போது தரையில இழுக்காம ரெண்டு பக்கமும் நடுவுக்கு மடிச்சு எடுங்க, காத்துல பறக்காம அடிப்பட்டையைக் கட்டுங்க என்று மனப்பாடமாக ஒப்பிக்கிறார். இதையெல்லாம் நீயும் குறித்துக்கொள், உன் புதுக் காருக்கும் பொருந்தும். கடைசியில் குரலைத் தாழ்த்தி, என்ன செஞ்சாலும் கஞ்சி மட்டும் போட்டுடாதீங்க, பெயிண்டு போயிடும் என்றாரே பார். விரலால் தடவியே கலப்படத் துணியைக் கண்டுபிடிக்கிறவள் நான், மொத்தச் சந்தையும் என்னை ஏமாற்ற முடியாமல் தவிக்கிறது, என் வீட்டுக்காரர் ஒரு வாளிக் கஞ்சியில் என்னைக் கவிழ்த்துவிட்டார்.

சாப்பிடும்போது நேராகவே கேட்டேன். கார் நின்னா அவ வருவா, வித்துட்டா எதுக்கு வரப்போறா என்றார். ஏன், உங்களையும் என்னையும் பார்க்க வரமாட்டாளா என்றேன். நம்மளைத்தான் போன்லயே பார்த்துடுறாளே, காரைப் போன்ல ஓட்ட முடியாதே என்றார். அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் போட்டேன். அவகிட்ட சொல்லிடாதே என்று கேட்டுக்கொண்டார், நானும் சரி என்றேன், எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை.

இன்று காலை கண்ணாடிக்காரர் கடைக்கு வந்து, பாலிஷ் போட்டால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொன்னாராம், வரும் ஞாயிறு மறுபடி வரட்டுமா என்று கேட்டார். வாங்க, ஆனால் முடிவு என் கையில் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். வந்த ஆளை அப்படித் திருப்பி அனுப்பியது என் வியாபார வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. இந்தக் காரை நான் விற்கப் போவதில்லை. நீ வா, வந்து அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு, சாவியை நீயே யாருக்காவது கொடு. அங்கேயே இருக்கப்போவதையும் அவர் முகத்தைப் பார்த்து நீயே சொல், அவர் அழுதால் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் அழுவேன் என்று நினைக்காதே, எனக்குக் கடை இருக்கிறது.

நோய் நொடி இல்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி, எங்களைவிட நல்ல துணையோடு நீடூழி வாழ்க. காரைக் கிளப்புமுன் அதற்கு அடியில் பூனை படுத்திருக்கிறதா என்று குனிந்து பார், இங்கே ஒன்று குடித்தனமே நடத்துகிறது. டிக்கெட்டைச் சீக்கிரம் போடு. கண்ணாடிக்காரர் மறுபடி வருகிறார் என்று மத்தியானம் பேச்சுவாக்கில் அப்பாவிடம் சொல்லிவிட்டேன், இப்போது அடுப்படியிலிருந்து கஞ்சி கொதிக்கிற வாசனை வருகிறது.

இப்படிக்கு,
உன் மேல் கோபமில்லாத
அம்மா