சாய்ந்து உட்காருகிறவன்

12 நவம்பர், 1908

அன்புள்ள அம்மாவுக்கு வில்லர்ட் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

என் அறைத்தோழன் ஹார்லனைப் பற்றிப் போன கடிதத்தில் அரைப் பக்கம் விசாரித்திருந்தீர்கள். சொல்கிறேன். இந்த ராணுவக் கல்லூரியில் முதல் வருடத்துக்காரர்கள் நாற்காலி நுனியில், முகவாயை இழுத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கால்பந்து அணிக்கு மட்டும் விலக்கு. அவர்களுக்குத் தனி மேசை, தினமும் தடித்த மாட்டிறைச்சித் துண்டு. அணிக்கு ஆள் எடுத்தபோது இருவரும் போனோம், அவனை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நான் வெந்த உருளைக்கிழங்கை விழுங்கும்போது, அவன் அங்கே சாய்ந்து உட்கார்ந்து சிரிப்பது காதில் விழும்.

சனிக்கிழமை ஆட்டத்தில் அவனுக்குக் காறை எலும்பு முறிந்தது. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த வருடம் இனி ஆட முடியாது. இனிமேல் என் பக்கத்தில் விறைப்பாக உட்காருவான் என்று, கடவுள் மன்னிக்கட்டும், எனக்கு உள்ளம் குளிர்ந்தது. கையில் கட்டோடு எங்கள் மேசைக்கு வந்தான். மேசைத் தலைவரான கடைசி வருடத்துக்காரர், "டேய் ஹார்லன், நமக்காக அடிபட்டவன் நீ. நல்லா சாஞ்சு உக்காருடா," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ என்ன முழிக்கிற? அவனுக்குக் கறிய வெட்டிக் குடு," என்றார்.

வெட்டிக் கொடுத்தேன். காலையில் அவனுக்குப் பூட்ஸ் மாட்டிவிடுவதும் நான்தான். "உங்கம்மாவ நானும் கேட்டேன்னு எழுதுடா," என்கிறான். எழுதிவிட்டேன்.

அணிவகுப்புக்கு ஊதிவிட்டார்கள், ஓட வேண்டும். இங்கே குளிர் தாங்கவில்லை. நீங்கள் பின்னும் கம்பளிக் காலுறை ஒரே ஒரு ஜோடி அனுப்புங்கள். இரண்டு அனுப்பினால் ஒன்று அவனுக்குத்தான் போகும். அதை அவன் காலில் மாட்டிவிடுவதும் நானாகத்தான் இருக்கும்.

உங்கள் மகன்,
வில்லர்ட்