மூன்று விரல் துணி

மார்ச் 3

காலையில் தையல் கடையில் பதினெட்டு சீருடைச் சட்டைகளுக்குக் கை வைத்து முடித்தேன். மதியம் மகளுக்கு, என் பொடிசுக்கு, பை கட்டினேன். நாளை நானும் அவளும் ஆஸ்பத்திரியின் கிருமி புகாமல் அடைத்த அறைக்குள் போகிறோம். ஆறு வாரத்துக்கு மேல் ஆகுமாம். பிறவியிலேயே கிருமியை எதிர்க்கத் தெரியாத உடம்பு அவளுக்கு. லட்சத்தில் ஒரு குழந்தைக்கு வரும் என்கிறார்கள். நாலரை வயதுக்குள் நிமோனியா மட்டும் மூன்று தடவை. முகம் தெரியாத ஒரு புண்ணியவான் எலும்பு மஜ்ஜை தருகிறார். அது ஒட்டிக்கொண்டால் பிழைத்துக்கொள்வாள்.

கூட ஒருவர்தான் இருக்கலாம். நான்தான் என்று முந்திக்கொண்டேன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற என் வீட்டுக்காரருக்குச் சடை பின்னத் தெரியுமா?

மார்ச் 4

போகவில்லை. என்னை விடவில்லை.

வாசலில் டாக்டரம்மா பேசிக்கொண்டிருக்கும்போது இருமித் தொலைத்தேன்.

"எவ்வளவு நாளா இருமல்?"

"அது பஞ்சுத் தூசிங்க. பதினஞ்சு வருஷமா தையக் கடையில..."

"தூசியோ என்னவோ, இப்ப ரிஸ்க் எடுக்க முடியாதும்மா. அப்பா உள்ள போகட்டும்."

நான் கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு இவர் போய்விட்டார். அதில் என் நைட்டி இரண்டு இருக்கிறது. அழுதுகொண்டே வந்தவளுக்கு அது ஞாபகம் வந்ததும் பஸ்ஸில் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து சீட்டுப் பெண் நகர்ந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 7

கண்ணாடிக்கு வெளியே நான், உள்ளே அவள். பேசுவதற்கு இரண்டு பக்கமும் போன்.

"உள்ள வாம்மா."

"அம்மாவுக்கு இருமல்டி செல்லம்."

"இருமாம வா."

சடை கோணல்மாணலாக இருந்தது, ஆனாலும் இவர் பின்னியிருக்கிறார். மருந்து ஏற ஏற முடி கொட்டிவிடுமாம். அதற்குள் அவள் உச்சந்தலையை ஒரு தடவை மோந்து பார்க்கணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.

மார்ச் 11

ஆஸ்பத்திரி அங்கி குத்துகிறது என்று அழுகிறாளாம். பருத்தித் துணியில், முன்பக்கம் நாடா வைத்துத் தைத்துக் கொடுங்கள், கொதிக்கவைத்துப் போடுகிறோம் என்றார் நர்ஸ். உள்ளே அளவெடுக்க டேப் கிடையாது. போனில் இவரிடம் அளவு கேட்டேன்.

"தோள்லேருந்து முழங்காலுக்கு ரெண்டரைச் சாண், ரெண்டு விரல்."

"யாரோட சாண்?"

"என்னோடதுதான். பக்கத்து ரூம்காரன் கையையா கடன் வாங்குவேன்?"

இவர் சாண் எனக்குத் தெரியாதா? பத்து வருடமாகச் சட்டை தைத்துப் போடுகிறேன். மஞ்சள் துணி எடுத்தேன், அவளுக்குப் பிடித்த நிறம்.

மார்ச் 13

நேற்றே கவுனைக் கொடுத்தாயிற்று. இன்று வீட்டில் வெட்டுத்துணிக் கூடையைக் கொட்டினால், மூன்று விரல் அகலத்தில் நீளமாக ஒரு மஞ்சள் துண்டு.

குழந்தைத் துணி என்றால் அடியில் மூன்று விரல் உள்ளே மடித்துத் தைப்போம். பிள்ளை வளர வளரப் பிரித்துவிடலாம். கடை அக்கா முதல் நாள் சொல்லிக்கொடுத்தது. இத்தனை வருடத்தில் ஊரார் பிள்ளை ஒன்றுக்குக்கூட நான் அந்த மடிப்பு விடாமல் தைத்ததில்லை. என் பிள்ளைக்கு விடல. ஒட்ட வெட்டிட்டேன். ஏன்டி? கை எதை நினைச்சு வெட்டிச்சு? இதுக்கு மேல அவ வளரமாட்டான்னு யார் சொன்னா உனக்கு?

ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்க் கவுனைத் திருப்பிக் கேட்டேன். உள்ளே போனது பிள்ளை டிஸ்சார்ஜ் ஆகும்வரை வெளியே வராது என்றார்கள்.

மார்ச் 17

மஜ்ஜை ஏற்றினார்கள். சிவப்பாக ஒரு பை, மூன்று மணி நேரம். கவுன் அவளுக்குக் கச்சிதமாக இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் மனசு தாங்கவில்லை.

மார்ச் 26

காய்ச்சல், நான்காம் நாள். கண்ணாடிக்கு வரவில்லை. கட்டிலில் மஞ்சளாக ஒரு சுருட்டல் தெரிந்தது, அவ்வளவுதான். நர்ஸிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்? இவர் போனில் அழுதார். நானும் அழுது, அந்தத் துணி விஷயத்தைக் கொட்டிவிட்டேன்.

இவர் மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டார்.

"அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுட்டியா?"

"இல்ல."

"போடாத. வேண்டியிருக்கும்."

மார்ச் 28

எழுத ஒன்றுமில்லை. காய்ச்சல்.

ஏப்ரல் 4

காய்ச்சல் இறங்கிவிட்டது. வெள்ளை அணு இருநூறு. ஐந்நூறு தாண்டணும்.

ஏப்ரல் 9

அறுநூற்று இருபது! ஒட்டிக்கொண்டதாம். டாக்டரம்மா சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். அழகான பல்வரிசை.

மே 2

வெளியே வந்தாள். தலையில் ஒரு முடி இல்லை. கடைக்குப் போவதை நிறுத்தி, மருந்து சாப்பிட்டு, என் இருமல் போய் ஒரு மாதமாகிறது. ஆனாலும் முகமூடி போட்டுக்கொண்டு சுவரோரமாக நின்றேன். பக்கத்தில் வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"இருமல் போச்சா?"

"போச்சு."

"அப்ப சரி." இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

முகமூடி வழியாக உச்சந்தலை வாசனை ஒன்றும் எட்டவில்லை. பரவாயில்லை. கனத்தாள், அது போதும்.

ஆகஸ்ட் 9, மறு வருடம்

இந்த நோட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறது. இன்று எழுதியே ஆகவேண்டும்.

பொடிசு அலமாரியைக் குடைந்து மஞ்சள் கவுனை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். ரெட்டைச் சடை. அதையும் அப்பாதான் பின்னணுமாம், நான் பின்னினால் இழுக்கிறதாம். கவுன் முழங்காலுக்கு மேலே எங்கேயோ நின்றது.

"அம்மா, இதைப் பெருசாக்கு."

பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்தேன். கவுன் கொதிநீரில் வெளுத்துப்போயிருந்தது, துண்டு அப்படியே புதுசு. அடியில் வைத்துப் பிடித்தேன். இவர் குனிந்து பார்த்தார்.

"பத்தாது போலிருக்கே."

டேப் வைத்து அளந்தேன். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தேன். முழங்காலைத் தொட இன்னும் இரண்டு விரல் வேண்டும்.

"அப்பா, அம்மா ஏன் அழறா?"

"துணி பத்தலையாம்டி."

நாளைக் காலையில் கடைக்குப் போய் மஞ்சள் துணி எடுக்க வேண்டும். கொஞ்சம் தாராளமாகவே.