நாம்சா முகாம் பதில் சொல்கிறது

காத்மாண்டு
கார்த்திக் மாதம் 2

வடக்குப் பூங்கா ரிங்தோ முகாமின் பொறுப்பாளரும் ஊரறிய என் கணவருமான தீர்கராஜ் அவர்களுக்கு,

நானிமையா எழுதுவது. நான் நலம். நீங்கள் நலம் என்பதைத் தினமும் காலையில் வயர்லெஸ் அறை ஹோம்நாத் சொல்லித் தெரிந்துகொள்கிறேன். அவர் "ரிங்தோ?" என்று கூப்பிட, நீங்கள் "இருக்கேன், எல்லாம் சரி" என்று சொல்ல, பட்டியலில் ஒரு டிக் போட்டுவிட்டு அவர் அடுத்த முகாமுக்குப் போய்விடுகிறார். பெண்டாட்டிக்கு வரும் சேதி அந்த டிக் மட்டும்தான்.

தசைன் பண்டிகைக்கு வருவீர்கள் என்று ஆட்டுக்கறி வாங்கி வைத்தேன். உங்கள் தங்கை வந்து தின்றுவிட்டு, "அண்ணன் இல்லாத குறையே தெரியல அண்ணி" என்றாள். எனக்குத் தெரிந்தது.

நாட்டிலுள்ள வனவிலங்குப் பூங்காக்களை எல்லாம் நடத்துகிறேன் என்றால், புலியையும் பனிச்சிறுத்தையையும் காப்பாற்றுகிறேன் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். நான் காப்பாற்றுவது டீசலையும் பூட்ஸையும்தான். போன மாதம் தெற்கே போகவேண்டிய கொசுவலை மலைக்கும், மலைக்குப் போகவேண்டிய கம்பளிச் சட்டை தெற்குக்கும் போய்விட்டது. அந்த வெயிலில் யானைக்காரர்கள் ஆசை ஆசையாய்ப் போட்டுப் பார்த்தார்களாம். ஒரு காண்டாமிருகம் கடைத்தெருவுக்கு வந்து தையற்கடை வாசலில் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. தையற்காரர் மூன்று பக்கத்துக்கு மனு அனுப்பியிருக்கிறார். உங்களுக்கு என்ன, மலையில் உட்கார்ந்துகொண்டு நிம்மதியாக இருக்கிறீர்கள்.

இப்போது அலுவலக விஷயம். உங்களுக்கு மேலே இருந்த நாம்சா முகாம் போன சைத்ர மாதம் பனிச்சரிவில் போய்விட்டது. அங்கே காவலிலிருந்த புர்வாவும் அதோடு போனான். ஆனால் ஹோம்நாத்தின் பட்டியலில் நாம்சாவுக்குத் தினமும் டிக் விழுகிறது. கேட்டால், "பதில் வருது மேடம், டிக் போடுறேன்" என்கிறார். இது உங்கள் வேலைதானே? யாராவது தூங்கிவிட்டால் பக்கத்து முகாம்காரர் அவன் பெயரில் பதில் சொல்லிக் காப்பாற்றும் உங்கள் பழைய வழக்கம் எனக்குத் தெரியாதா? இருப்பவனுக்காகப் பொய் சொல்லலாம். செத்தவனை யாரிடமிருந்து காப்பாற்றுகிறீர்கள்? நிறுத்துங்கள்.

அடுத்த மாதம், மங்சிர் இருபது வரை விமானம் வரும். இறங்கி வாருங்கள். என் அறைக்குப் பக்கத்தில் உங்களுக்கு மேசை போட்டிருக்கிறேன். ஜன்னலோரம்.

இப்படிக்கு,
உங்கள் நானி
(அலுவலகத்துக்கு மேடம்)


ரிங்தோ முகாம்
கார்த்திக் 14

அன்புள்ள நானிக்கு,

தபால்காரன் சிரிங் உன் கடிதத்தோடு கொசுவலையையும் கொண்டுவந்தான். இங்கே கொசு பிறக்கவே ஆறு மாதம் யோசிக்கும். வலையைச் சாணி உருண்டை கட்டி வைக்க எடுத்துக்கொண்டேன். உன் நிர்வாகத்தால் என் அடுப்புக்கு ஒரு நன்மை.

மேசைக்கு நன்றி. நான் கேட்டது பக்கத்து மேசையை இல்லை, நீ உட்கார்ந்திருக்கும் மேசையை. அது உனக்குக் கிடைத்தபோது எனக்குப் பொறாமை வந்தது. அந்தப் பொறாமையை மலைக்குத் தூக்கி வந்துவிட்டேன், அவ்வளவுதான். இப்போது அது எங்கேயோ வழியில் விழுந்துவிட்டது. ஆனாலும் இறங்கி வந்து என்ன முகத்தோடு நிற்பது என்று கூச்சமாக இருக்கிறது.

நாம்சா விஷயம். நானி, அது நான் இல்லை.

ஹோம்நாத் கூப்பிடாமலே டிக் போடுகிறார் என்று நீ சொல்லியிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். நானும்தான் தினமும் கேட்கிறேன். முதலில் என் குரலே மலையில் பட்டுத் திரும்புகிறது என்று நினைத்தேன். வயர்லெஸ்ஸில் மலை எப்படி எதிரொலிக்கும் என்று பிறகுதான் உறைத்தது. புர்வா பேசுவதற்கு முன்னால் தொண்டையைச் செருமுவான், ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டுக்கு வந்தபோது நீ அவனுக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாய். அதே செருமல். அப்புறம், "இருக்கேன், எல்லாம் சரி." போன வாரத்திலிருந்து, "எல்லாம் சரி, குளுருதான் ஜாஸ்தி" என்கிறது.

அங்கே ஒன்றும் இல்லை. கூரை இல்லை, பேட்டரி இல்லை. வயர்லெஸ் செட் இரண்டு ஆள் உயரப் பனிக்கு அடியில் கிடக்கிறது. அவன் உடம்பும் கிடைக்கவில்லை.

சிரிங்கிடம் சொன்னேன். அவன், "பின்ன என்ன சார்? தினமும் பேரச் சொல்லி எழுப்பினா அவன் எப்படித் தூங்குவான்? செத்துட்டேன்னு அவனுக்கு யாரு சொன்னது?" என்றான். எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. பெயரை அடித்துவிடு நானி. அவனைக் கூப்பிடுவதை நிறுத்தச் சொல்.

அன்புடன்,
தீர்கராஜ்


காத்மாண்டு
கார்த்திக் 29

அன்புள்ள உங்களுக்கு,

இன்று தெற்குப் பூங்காவில் யானை குட்டி போட்டிருக்கிறது. அந்த நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதி அவ்வளவு நல்லதில்லை.

நேற்று நானே வயர்லெஸ் அறையில் போய் உட்கார்ந்தேன். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டேன். சமவெளி முகாம்கள் ஒவ்வொன்றாக வந்தன, கொட்டாவியோடு. பிறகு மலை. உங்கள் குரல் வந்தது. நேரில் சண்டை போடும்போது கூட இவ்வளவு பக்கத்தில் கேட்டதில்லை. அடுத்து ஹோம்நாத், "நாம்சா?" என்றார். செருமல் வந்தது. என் கை தானாகக் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிட்டது. மீதியை நான் கேட்கவில்லை.

"அடிச்சிடுங்க ஹோம்நாத்" என்றேன்.

"எப்படி மேடம் அடிக்கிறது? முகாமோட கடைசி ஆளு அவன் வாயால 'மூடிட்டு இறங்குறேன்'னு சொல்லணும். அதானே விதி? முன்னாடி ஒருதடவை ஒரு முகாமைக் காகிதத்துல மூடிட்டாங்க, உள்ள ஆளு இருந்தது யாருக்கும் தெரியல, பாவம் அவன் குளிர் பூரா அரிசி இல்லாம கெடந்தான். அதுக்கப்புறம்தானே இந்த விதியே வந்துச்சு."

"அவன் செத்துட்டான் ஹோம்நாத்."

"தெரியும் மேடம். ஆனா அவன் சொல்லலையே."

அந்த மனிதருக்கு மூன்று பிள்ளைகள், ரத்தக்கொதிப்பு வேறு. இத்தனை மாதம் ஒரு செத்தவனைத் தினமும் கூப்பிட்டுவிட்டு, அடுத்த வேலையாகப் போய்த் தேநீர் குடித்திருக்கிறார். விதி என்றால் எங்கள் ஆட்கள் எமனிடமும் கையெழுத்து கேட்பார்கள். நானே பேனாவை வாங்கிப் பெயரை அடித்தேன்.

இன்று காலை ஹோம்நாத் உங்களைக் கூப்பிட்ட பிறகு நேராக அடுத்த பூங்காவுக்குப் போய்விட்டார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். வாசலில் நின்றவனின் முகத்தில் கதவைச் சாத்தியதுபோல இருந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்: நீங்கள் இல்லாமல் வீடு பிடிக்கவில்லை. மேசைதான் பிரச்சினை என்றால் அதை உடைத்து அடுப்பில் வைக்கிறேன். எந்த முகத்தோடு வேண்டுமானாலும் வாருங்கள், எனக்கு அந்த முகம் போதும்.

உங்கள் நானி


ரிங்தோ முகாம்
மங்சிர் 11

என் நானிக்கு,

இந்தக் கடிதத்தை நீ மூன்று தடவை படிப்பாய் என்று தெரியும். கடைசி வரியை எனக்காக இன்னும் ஒருதடவை படி: நான் வருகிறேன். இருபதாம் தேதி விமானத்தில் வருகிறேன். முகாம் சாமான்களைக் கட்டியாகிவிட்டது. உனக்குக் காய்ந்த பாலாடைக்கட்டி ஒரு மூட்டை வாங்கி வைத்திருக்கிறேன், பல் போனால் என்னைச் சொல்லாதே.

ஆனால் அதற்குள் ஒரு வேலை முடிக்கவேண்டியிருக்கிறது.

நீ பெயரை அடித்த மறுநாள், எல்லா முகாமும் பதில் சொல்லி முடித்து ஹோம்நாத் செட்டை அணைத்த பிறகு, நான் என்னுடையதை அணைக்கப் போனேன். அப்போது, "ரிங்தோ, ரிங்தோ, இது நாம்சா" என்று வந்தது. இத்தனை நாள் நாம் அவனைக் கூப்பிட்டோம். இப்போது அவன் நம்மைக் கூப்பிடுகிறான்.

நான் பதில் சொல்லவில்லை. யார் என்று தெரியாமல் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கக் கூடாது என்று சொல்லித்தானே நம்மை எல்லாம் வளர்த்தார்கள். மறுநாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் அவன் முகாமைக் கூப்பிடவில்லை. "தீர்க அண்ணா, இருக்கீங்களா?" என்றான்.

இருபது வருடப் பழக்கம் நானி. பெயரைச் சொன்னதும் நாக்கு முந்திக்கொண்டது. "இருக்கேன், எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டேன்.

அதிலிருந்து தினமும் பேசுகிறான். மிரட்டவில்லை, அழவில்லை. அது ஒன்றுதான் தாங்க முடியவில்லை. "அண்ணா, முகாமை மூடிட்டு இறங்கணும். கதவுக்கு வெளிய பனி அடைச்சிருக்கு. உள்ளேருந்து தள்ளுனா தொறக்கல. நீங்க வெளிய இருந்து இழுத்தா போதும்" என்கிறான். "அங்க கதவே இல்லடா புர்வா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "இருக்கு அண்ணா, வந்து பாருங்க" என்றான்.

போய்விட்டு வரலாம் என்று முடிவு செய்தேன். அவன் கிடக்கும் இடம் தெரிந்தால் மந்திரம் சொல்லி, விளக்கேற்றி, செய்யவேண்டியதைச் செய்துவிடலாம். சிரிங்கைக் கூப்பிட்டேன். "உங்களக் கூப்பிட்டுச்சு, நீங்க போறீங்க. என்னை எதுக்கு சார் இழுக்குறீங்க?" என்று தபால் பையை எடுத்துக்கொண்டு நிற்கிறான். கோழைப் பயல், ஆனால் புத்திசாலி. போக ஒரு நாள், வர ஒரு நாள். வானம் தெளிவாக இருக்கிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் வராமல் போனால் ஹோம்நாத்தை என் பெயரைக் கூப்பிட விடாதே. உடனே அடித்துவிடு. புர்வாவுக்கு நடந்தது எனக்கு வேண்டாம்.

நான் வருகிறேன்.

உன்
தீர்கராஜ்


காத்மாண்டு
பாகுன் 6

என்னவருக்கு,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மங்சிர் இருபதாம் தேதி விமான நிலையத்துக்குப் புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். விமானத்திலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் இறங்கினார்கள். பாலாடைக்கட்டி மூட்டையைச் சிரிங் அனுப்பியிருந்தான். கூடவே சேதியும்: ரிங்தோ முகாம் பூட்டியிருக்கிறது, மேலே போன காலடி இருக்கிறது, இறங்கிய காலடி இல்லை. ராணுவத்தார் தேடிப் போனார்கள், பனி அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அதற்கு மறுநாள் காலை ஹோம்நாத் உங்களைக் கூப்பிட்டார். நான்தான் கூப்பிடச் சொன்னேன். "இருக்கேன், எல்லாம் சரி" என்றீர்கள். பூட்டிய முகாமிலிருந்து. அதற்கு முந்தைய வாரம் முழுக்க விழுந்த டிக்கும் அப்படித்தான் விழுந்திருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டுக்கொண்டதை நான் செய்யவில்லை. அடுத்து வந்த புஸ் மாதம் முழுக்கக் கூப்பிட வைத்தேன். எல்லோருக்கும் முன்னால் அலுவலகம் வந்து, வயர்லெஸ் அறையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துகொள்வேன். அந்த மூன்று சொல்லைக் கேட்டுவிட்டுப் போய் அரிசிக்கும் டீசலுக்கும் கையெழுத்துப் போடுவேன். அலுவலகத்தில் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேலதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அழவில்லை. காலையில்தான் உங்கள் குரலைக் கேட்டிருந்தேனே, எப்படி அழுகை வரும்? கல் மனசுக்காரி என்று உங்கள் தங்கை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பிறகு ஒருநாள் நீங்கள், "எல்லாம் சரி, குளுருதான் ஜாஸ்தி" என்றீர்கள். அன்றைக்குத்தான் அழுதேன். அழுதுகொண்டே உங்கள் பெயரை அடித்தேன். என் ஆசைக்காக உங்களைக் குளிரில் நிறுத்தி வைத்திருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாள், பட்டியல் முடிந்து ஹோம்நாத் கையை எடுக்கும் நேரம், "தலைமை, தலைமை, இது ரிங்தோ" என்று வந்தது. ஹோம்நாத் ஹெட்போனை மேசைமேல் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். "வேண்டாம் மேடம். கும்பிடுறேன், வாயத் தொறக்காதீங்க" என்றார். திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் நீங்கள் தலைமையைக் கூப்பிடவில்லை.

"நானி, இருக்கியா?"

இந்த அலுவலகத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. நம் கடிதங்களைத் தவிர எங்கும் எழுதி வைத்ததும் இல்லை. இருக்கேன் என்றேன். எல்லாம் சரியா என்று கேட்டீர்கள். சரி என்றேன். அது பொய், உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு தினமும் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். புர்வா பக்கத்தில்தான் இருக்கிறான் என்கிறீர்கள். அவன் செருமுவது எனக்கும் கேட்கிறது. கதவை இருவரும் சேர்ந்து தள்ளியும் திறக்கவில்லையாம். வெளியிலிருந்து ஒரு ஆள் இழுத்தால் போதுமாம்.

நேற்று உதவி அதிகாரியிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். யானைத் தீவனம், மனுக்கள், கோடைக்கு முன்னால் செய்யவேண்டிய பாலம் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரரைக் கூட்டிவர என்றேன். பாவம், எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். விமானம் இல்லை. பேருந்து போகும் வரை போய், மீதியை நடக்கப்போகிறேன்.

கிளம்பும்போது ஹோம்நாத்திடம் சொல்லி வைத்தேன்: "நான் போனப்புறம் பட்டியல் முடிஞ்சதும் செட்டை அணைச்சிட்டு உடனே எழுந்து போயிடுங்க. யார் குரல்ல கூப்பிட்டாலும் பதில் சொல்லாதீங்க. என் குரலா இருந்தாலும் சரி." தலையை ஆட்டினார். கண் கலங்கியிருந்தது. நல்ல மனிதர், ஆனால் யாராவது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் சும்மா இருக்கத் தெரியாதவர். அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

இத்தனை கடிதத்திலும் இறங்கி வாருங்கள், இறங்கி வாருங்கள் என்றே எழுதியிருக்கிறேன். நான் ஏறி வந்தால் என்ன என்று ஒருமுறை கூடத் தோன்றவில்லை. நீங்களும் கேட்டதில்லை, கூச்சம். இப்போதுதான் கேட்டிருக்கிறீர்கள்.

வருகிறேன்.

உங்கள்
நானி