சரிவில் தெளித்த புல்

அக்டோபர் 4
முட்லூர் பக்கம் புதுப் பாலத்துக்கு ஏறும் மண்மேட்டில் இன்று தெளிப்பு முடிந்தது. காகிதக் கூழ், பசை, உரம், அருகம்புல் விதை எல்லாவற்றையும் தண்ணீரில் கலக்கிச் சரிவு முழுக்கப் பீய்ச்சி அடித்தோம். எந்த இடம் விட்டுப்போனது என்று தெரிவதற்காகப் பச்சைச் சாயமும் கலப்பார்கள். தலையிலிருந்து செருப்பு வரை நானும் பச்சை. ஷேர் ஆட்டோக்காரர் ஏற்றிக்கொள்ள யோசித்தார்.

மழை பிடிப்பதற்குள் புல் வேர்விட வேண்டும். போன வருஷம் இந்த மேட்டு மண் கரைந்து மூடியது என் மாமனார் வயலை. அப்போது நான் இந்தக் கம்பெனியில் இல்லை, ஆனாலும் அவருக்கு நான் அந்த ரோட்டுக்காரிதான். ஜூனில் வேலையில் சேர்ந்ததிலிருந்து சாப்பாடு, தண்ணீர் தவிர பேச்சு கிடையாது.

அக்டோபர் 5
மாமா சைக்கிளில் போய்ச் சரிவைப் பார்த்திருக்கிறார். மருமகள் ஒரே நாளில் புல் முளைக்க வைத்துவிட்டாள் என்று டீக்கடை முழுக்கச் சொல்லியாயிற்று. வீட்டுக்கு வந்து என்னிடமே, "பச்சபசேல்னு இருக்குது அருளு. கெட்டிக்காரிதான் நீ," என்றார்.

அது வெறும் சாயம் மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். அருளு என்று அவர் கூப்பிட்டதே இல்லை. அருள்மொழி கூட அபூர்வம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அக்டோபர் 7
சொல்லவில்லை.

அக்டோபர் 8
மேட்டை ஒட்டிய துண்டை இந்த வருஷம் தரிசாகப் போடுவதாக இருந்தார். இன்று அதிலும் நடவு! புல்தான் வந்துவிட்டதே, இனி மண் இறங்காதாம். சாயம் என்று வீட்டுக்காரர் ராஜ்கமலிடமாவது சொல்லலாமென்றால், அப்பா சிரித்த முகமாக இருக்கிறார் என்று இவருக்கும் ஒரே சந்தோஷம். எப்படியும் வாரம் பத்து நாளில் முளைத்துவிடும். மழை மட்டும் பொறுக்க வேண்டும்.

அக்டோபர் 11
ஆயுத பூஜை. சரிவுக்குப் பூவாளி மாதிரி தண்ணீர் தூவும் லாரிக்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, கடலூர் யார்டில் நிறுத்திவிட்டார்கள். நாளையும் எடுக்க மாட்டார்களாம். விதை காய்ந்துவிடும் என்று மேனேஜர் தேவசகாயம் சாரிடம் கத்தாத குறை. "டிரைவருங்க வண்டிய தொட மாட்டாங்கம்மா, நான் என்ன பண்ண?" என்றார். கையில் ஒரு பொரிகடலைப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள். அது ஒன்றுதான் குறைச்சல்.

அக்டோபர் 12
நடுச்சரிவில் வெறும் மண். ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்துக்கு மேலிருந்து கீழ்வரை. கூழெல்லாம் விதையோடு அடியில் குவிந்து கிடக்கிறது. மழையும் இல்லையே—

மாமாதான். வெயிலில் சாயம் வெளுத்திருக்கிறது. புல் வாடுகிறது என்று நினைத்து, நேற்றுச் சாயங்காலம் மோட்டார் ஹோஸைப் பிடித்து அடித்திருக்கிறார். பூஜை போட்ட மோட்டாரைத் தொடக் கூடாது என்பவர், எனக்காகத் தொட்டிருக்கிறார். "ஒங்க லாரியக் காணோம். அதான் நானே ஊத்திட்டேன்," என்று பெருமையாகச் சொல்கிறார். சரிங்க மாமா என்றேன். சரிங்க மாமாவாம்! என் நாக்கு எங்கே போச்சு?

தெளிக்கும் வண்டி திரும்ப வர ரெண்டு வாரம் ஆகுமாம். சாக்கு விரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 15
விடிந்ததிலிருந்து மழை. நிற்கவே இல்லை.

அக்டோபர் 16
மற்ற இடமெல்லாம் தாங்கிவிட்டது. அங்கங்கே ஊசி ஊசியாக முளைகூடத் தெரிகிறது. அந்த வெறும் இடத்தில் மட்டும் சாக்கையும் இழுத்துக்கொண்டு மண் இறங்கி, கீழ்த்துண்டு நடவை அப்படியே மூடிவிட்டது. மாமா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான், நஷ்ட ஈடு கேட்டு மனு போடுகிறேன் என்றார்.

அவர் தண்ணீர் அடித்ததைச் சொன்னால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. சொல்லாவிட்டால் பழி தெளித்தவள் மேல். நடவு போட வைத்ததே என் வாயடைப்புதானே?

அக்டோபர் 18
பசை அளவு குறைந்துவிட்டது, என் தவறு என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பச்சைப் பொய். தேவசகாயம் சார் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். வேலை போய்விடும். ராஜ்கமலிடம் எல்லாவற்றையும் சொன்னேன், சாயத்திலிருந்து. நடுவில் அழுகை வேறு. எரிச்சலா வருது.

அக்டோபர் 21
கடலூர் ஆபீஸ் வாசலில் மாமா! சலவை வேட்டி கட்டிக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்திருக்கிறார். ராஜ்கமல்தான் அப்பாவிடம் போட்டு உடைத்திருக்கிறார். நான் உள்ளே போவதற்குள் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. "மனுவ வாபஸ் வாங்கிட்டாரும்மா. ஹோஸ் அடிச்சது அவருதானாம்," என்று தேவசகாயம் சார் என் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். இனிமேல் இப்படிப் பொய் எழுதினால் நிஜமாகவே அனுப்பிவிடுவேன் என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட். ஆலப்பாக்கம் தாண்டித்தான் மாமா வாயைத் திறந்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்தத் துண்ட நட்டிருக்க மாட்டேன். அவ்ளோ பயமா என்கிட்ட?"

பயமில்லை. அதை எப்படிச் சொல்வது?

நவம்பர் 3
வண்டி வந்து வெறும் இடத்துக்கும் தெளித்தாயிற்று. கீழ்த்துண்டில் இந்த வருஷம் நெல் கிடையாது, மண்ணை அள்ளவே தை பிறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை, எனக்கு லீவு. காலையில் மாமா ரெண்டு மம்மட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றார். கூப்பிடவும் இல்லை, கிளம்பவும் இல்லை. நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கியதும், ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தார்.