இல்லம் பார்க்கப் போகிறோம்

சேக்காடு, ஆவடி
சனிக்கிழமை

அன்புள்ள நிர்மலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அண்ணன் தமிழரசு, அண்ணி லாவண்யா மூன்று பேரும் சுகம், என் முட்டிக்கால் மட்டும் சுகமில்லை, அதை விடு. நீ அங்கே மெல்பர்ன் குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும் என்று மாங்காட்டு அம்மனிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது என்ன கடிதம் என்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. தெருவில் மறுபடியும் பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எதற்கு என்று கேட்டால் தோண்டுகிறவனுக்கே தெரியவில்லை.

நாளைக்கு உன் அண்ணன் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு தியாகராய நகர் பக்கம் போகிறான். புடவை எடுக்க என்று நினைத்தால் ஏமாந்துபோவாய். அந்தக் காலத்துத் தலைவர்கள் குடியிருந்த வீடுகளை நினைவு இல்லம் என்று அப்படியே வைத்திருக்கிறார்களே, அதைப் பார்க்கவாம். பெயர்களை எழுத மாட்டேன், எந்தக் கட்சித் தலைவரை முதலில் எழுதினாய் என்று அதற்கும் ஒரு சண்டை வரும். ஒரே நாளில் மூன்று வீடு. அவர்கள் படுத்த கட்டில், உட்கார்ந்த நாற்காலி, போட்ட கண்ணாடி எல்லாம் இருக்குமாம், ஆனால் தொடக் கூடாதாம். இன்னொருத்தர் கட்டிலைப் பார்க்க இவ்வளவு டிராபிக்கில் போக வேண்டுமா, என் கட்டில் கால் ஆடுகிறது என்று ஆறு மாதமாகச் சொல்கிறேனே அதை யாராவது வந்து பார்த்தீர்களா என்று கேட்டேன். இருபத்தெட்டு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி வைப்போம், கார் நிற்காமல் போய்விடும், கண்ணாடிக்குள் கை மட்டும் ஆடும், பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழும். உயிரோடு இருந்தவரை வாசல் பக்கம்கூட விடமாட்டார்கள், போன பிறகு படுக்கையறை வரைக்கும் வா வா என்கிறார்கள். நல்ல மரியாதை.

இந்த ஏற்பாடு எனக்குத் தெரியவந்த விதம்தான் பெரிய கூத்து. எங்கள் பிளாக்கில் இல்லம் என்ற சொல்லுக்கு இப்போது ஒரே அர்த்தம். எதிர்வீட்டுப் பொன்னியம்மாவை அவள் மகன் தை மாதத்தில், மாங்காடு பக்கம் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போனான். அவன் மட்டும் திரும்பி வந்தான். மறுநாள் அவள் துணிகளை அரிசிப் பையில் திணித்து எடுத்துக்கொண்டு போனான், மகராசன், ஒரு நல்ல பைகூடக் கிடைக்கவில்லை அவனுக்கு. அன்றிலிருந்து இங்கே வயசானவர்கள் யாரும் அந்தச் சொல்லை உரக்கச் சொல்வதில்லை. இப்படி இருக்கையில் போன செவ்வாய்க்கிழமை நான் துணி மடித்துக்கொண்டிருக்கிறேன், சமையலறையில் உன் அண்ணன் சொல்வது காதில் விழுகிறது, ஞாயித்துக்கெழம அம்மாவ இல்லத்துக்குக் கூட்டிகினு போலாம், இப்பவே சொல்லாத, சொன்னா அது வராது, போய்ப் பாத்தா தன்னால புடிச்சிடும் என்று. அதற்கு லாவண்யா, படி ஏற வேண்டியிருக்குமான்னு விசாரிங்க, அத்தைக்கு முட்டி வலிக்குமே என்கிறாள். புதன்கிழமை பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு. இல்லம் 1, பத்து மணி. இல்லம் 2, கட்டணம் இல்லை. இல்லம் 3, நல்லா பராமரிக்கிறாங்க. கட்டணம் இல்லாத இடமாகத் தேடுகிறார்கள், அம்மாவுக்கு அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா என்றால் கேட்கவில்லை, என் ரோஷம் உனக்குத் தெரியும். பரணிலிருந்து சூட்கேஸை இறக்கி நாலு புடவை, மாத்திரை டப்பா, உன் அப்பா போட்டோ எல்லாம் அடுக்கி வைத்தேன், அரிசிப் பையில் போகக் கூடாது என்று. கீழ்வீட்டுத் தாயம்மா அதைப் பார்த்துவிட்டு, இன்னா வேம்புலி, மூஞ்சி ஒரு மாதிரி கீது, ஊருக்குப் போறியா என்றாள். ஆமாம், பெரிய ஊர் என்றேன். இன்று காலையில் லாவண்யா ரூமுக்கு வந்தவள், ஒரு நாளைக்கு எதுக்கு அத்தை சூட்கேஸ், சாயந்திரமே திரும்பிடுவோமே என்றாள். யார் திரும்புவது என்று கேட்டேன். மூணு பேரும்தான் என்றாள். அப்புறம்தான் போனில் அந்த வீடுகளின் படத்தைக் காட்டினாள். உன் அண்ணன் முதலில் சிரித்தான். சூட்கேஸைத் திறந்து உள்ளே அப்பா போட்டோவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்பேனரை எடுத்துவந்து கட்டில் காலை முறுக்கிக் கொடுத்தான். ஒரு கட்டில் காலை முறுக்க உன் அண்ணனுக்கு ஆறு மாதமும் ஒரு முதியோர் இல்லமும் தேவைப்பட்டது.

இதையெல்லாம் உனக்கு எழுதுவது அவனைக் குறை சொல்ல இல்லை. நாலு நாளும் போன் என் கையில்தான் இருந்தது நிர்மல். வியாழக்கிழமை நீ பேசினாய், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாய், ரசம் என்றேன், போனை வைத்துவிட்டோம். ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்று இன்று மத்தியானம் முழுக்க யோசித்தேன். அண்ணன் யோசிக்காம செய்ய மாட்டாம்மா, அங்க உனக்குப் பேச்சுத்துணை கிடைக்கும் என்று நீ சொல்லிவிடுவாயோ என்று இருந்தது. அவன்மேல் எனக்குக் கோபம் வந்தது, உன்னிடம் எனக்குப் பயமாக இருந்தது. கோபத்தோடு சாப்பிட முடிந்தது, பயத்தோடு முடியவில்லை. பெற்ற பிள்ளையிடம் பயப்படுகிறேனே என்று வெட்கமாகவும் இருக்கிறது.

மூன்று வேளையும் ரொட்டியைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பருப்புப்பொடி தனியாக அனுப்புகிறேன், ஈரக் கரண்டி போடாதே. நீ நூறு வயசு நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும், உனக்கு நல்ல இடத்தில் பெண் அமைய வேண்டும். மறக்காமல் இதற்கு ஒரு பதில் எழுது, ரெண்டு வரி போதும். நான் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எழுது. அம்மா மனசு நோகும் என்று பார்த்து எழுதாதே, நிஜத்தை எழுது.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா
வேம்புலியம்மாள்