மருந்து போன தண்ணீர்

அக்கா,

இன்று காலை குழாயைத் திறந்ததும் பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கில் ஏறியது. குண்டானில் பிடித்து வெயிலில் வைத்தேன். மூடுவதற்குக் கை தட்டைத் தேடியது. உடனே உங்கள் குரல் கேட்டது.

தெருவுக்குக் குழாய் வந்த புதிதில், காக்கை வாய் வைக்குமே என்று நான் மூடி வைத்தேன். "மூடி வெச்சா மருந்து எப்படிப் போவும் புள்ள? உன் வாய மூடு, குண்டானத் தொறந்து வை" என்றீர்கள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றும் சொல்வேன். ஓரகத்தி என்றால் இப்படித்தானா என்று அன்று முழுக்க உங்களோடு பேசவில்லை. நீங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

ஒரு நாள் வெயிலில் கிடந்த தண்ணீரைத்தான் உங்கள் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவீர்கள். போர்வெல் உப்புத் தண்ணீரைக் கிட்டே விடமாட்டீர்கள். "நம்ம முட்டிய முடிச்சது போதும், அதுக்கும் ஊத்தாத." பெயிண்ட் வாளியில் வைத்த செடி, அடியை உடைத்துக்கொண்டு உங்கள் வாசலில் வேர் இறக்கியது.

நீங்கள் போய்ப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு உங்கள் மகன் ஆர்.ஓ. மிஷின் மாட்டினான். அது கழிக்கிற தண்ணீருக்குக் குழாய் போட்டுச் செடியில் விட்டான்.

"எடுத்துரு சாமி. உப்பையெல்லாம் அதுதான் வெளிய தள்ளுது. வாயில வெச்சுப் பாரு."

"மிஷின் தண்ணி சித்தி. வீணாப் போறதுக்கு செடிக்காவது ஆவட்டும். நீங்க போயி சீரியல் பாருங்க."

எங்கள் வீட்டில் டி.வி. கெட்டுப்போனது அவனுக்குத் தெரியும்.

செடியை என்னிடம் ஒப்படைத்தீர்கள், வாசலை அவனிடம் விட்டீர்கள். அந்தக் கோபம் உங்கள் மேலும் உண்டு. பெயர்த்து எடுக்கவும் முடியவில்லை. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்தது. இலை ஓரம் கருகிக் கொட்டியது. அவன் வேலைக்குப் போன நேரத்தில் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். மேல்மண்ணை வழித்துவிட்டு, மருந்து போன தண்ணீரை ஊற்றி ஊற்றி உப்பைக் கழுவினேன். ஒரு துளிர் வந்தது. அதுவும் கருகியது.

நேற்று நகத்தால் தண்டைக் கீறிப் பார்த்தேன். பச்சையே இல்லை. "வேற கன்னு வாங்கியாரேன் சித்தி" என்றான். இனி அவனோடு எனக்குப் பேச்சில்லை.

ஓசூரிலிருந்து உங்கள் மகள் போன் செய்தாள். "அம்மா செடி துளுத்துச்சா சித்தி?"

"தண்ணி ஊத்திக்கிட்டுதான் இருக்கறேன் கண்ணு" என்றேன்.

வருஷத் திதிக்கு வருகிறாள். வந்ததும் அங்கேதான் போய் நிற்பாள். அதுவரை அவளிடம் சொன்னதாவது பொய்யாகக் கூடாது, அக்கா. பட்ட குச்சிக்கு இன்றும் ஊற்றினேன்.