பிரமிடுக்குப் போன வளையல்கள்

இம்பாபா, கெய்ரோ

அன்பு மகன் ஷவ்கிக்கு,

அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் காவலில் இங்கே எல்லோரும் சுகம். குவைத் வெயிலைத் திட்டிப் பக்கம் பக்கமாக எழுதத் தெம்பிருப்பதால் நீயும் சுகம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. மாடியில் வாத்து குஞ்சு பொரித்திருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் வருங்கால மாமனார் பயூமி, திங்கட்கிழமை வீட்டுக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். ஒரு வார்த்தை பேச வேண்டுமாம். நிச்சயமாகி மூன்று வருஷமாச்சு, மாப்பிள்ளை முகத்தையே காணோம் என்று தன் ரொட்டிக்கடையில் அவர் புலம்புவது எனக்குத் தெரியாதா? நான் விடுவேனா! திங்கட்கிழமை ஷம்முந் நஸீம், வசந்தப் பண்டிகை, அன்றைக்கு யாராவது வீட்டில் அடைந்து கிடப்பார்களா, இரண்டு குடும்பமும் பிரமிடுக்குப் போவோம், சாப்பாடு என் பொறுப்பு என்று பதில் அனுப்பினேன். சாப்பாடு என்றால் அந்த மனுஷன் மறுக்கமாட்டார்.

அங்கே ஊரே கூடியிருந்தது. பெரிய பிரமிடு நிழலில் இடம் பிடிக்க உன் அப்பாவை முதல் பஸ்ஸிலேயே அனுப்பியிருந்தேன். பாயில் உட்கார்ந்ததும்தான் பார்த்தேன், உனக்கு நிச்சயித்த ரபாபின் கை வெறுங்கை. நிச்சயத்துக்கு நாம் போட்ட தங்க வளையல்களைக் காணோம். அவள் அப்பாவின் அங்கிப் பை மட்டும் புடைத்துக்கொண்டிருந்தது. திருப்பிக் கொடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்துவிட்டது.

பயூமி தொண்டையைச் செருமினார். முதல்ல சாப்பிடுங்க ஹாஜி என்று உப்பில் ஊறின மீனை ரொட்டியில் சுருட்டிக் கையில் திணித்தேன். அதை விழுங்கிவிட்டு, நம்ம பிள்ளைங்க விஷயமா ஷவ்கி அம்மா, என்று இழுத்தார். வெங்காயம் கடிக்காம மீன் தின்னா வயித்தைப் புரட்டும் என்று வெங்காயத்தை நீட்டினேன். அப்புறம் சாயம் பூசின முட்டை. அதற்குள் ஒட்டகக்காரன் ஒருவன் வந்தானா, ஹாஜியை ஏத்துப்பா என்று பிடித்து ஏற்றிவிட்டேன். ஒட்டகம் எழும்பும்போது, இறங்கி வந்து பேசுறேன், எங்கயும் ஓடிடாதீங்க என்று மேலேயிருந்து கத்தினார் பார், உன் அப்பாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அவர் இறங்கி வந்தபோது கூடையில் முட்டை ஓடுதான் மிச்சம். கைக்குட்டை முடிச்சை எடுத்து என் மடியில் வைத்தார். தப்பா நினைக்காதீங்க, எம் பொண்ணுக்கு வயசு ஏறுது, உங்க பிள்ளை கடுதாசியிலயே குடும்பம் நடத்துவாரா என்றார். கூடையைத் துழாவினேன், அவர் வாயில் திணிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதுதான் ரபாப் எழுந்து வந்தாள். முடிச்சை அவிழ்த்து வளையல்களைத் தானே மாட்டிக்கொண்டாள். பிரமிடைக் காட்டி, இந்தக் கல்லு எத்தனை காலம் வேணும்னாலும் நிக்கும் அத்தை, நான் நிக்கமாட்டேன், ஹஜ்ஜுப் பெருநாளுக்குள்ள அவரு வரலைன்னா அப்பா எதுக்கு, நானே கழட்டிக் கொண்டாந்து தர்றேன் என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்கமாட்டேன்.

திரும்பும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள் பிள்ளை. வளையல் என் கையில் அழுந்திக்கொண்டே வந்தது. நான் கையை நகர்த்தவில்லை.

லீவு, முதலாளி என்று பதில் எழுதாதே. புறப்படும் தேதியை மட்டும் எழுது. அல்லாஹ் உன் வழியைச் சுலபமாக்கட்டும். பயூமிக்குக் கொடுக்க என்னிடம் மீன் இருந்தது. ரபாபுக்குக் கொடுக்க நீ ஒருவன்தான் இருக்கிறாய். வந்துவிடு, மகனே.

வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
இன்ஷிராஹ்